காரிலும் பைக்கிலும் வைத்துக்கொள்ளும் பேட்டரிக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயருக்குக் காற்று அடிக்கும் இன்ஃப்ளேட்டர், பேட்டரி இறங்கிய காரை எழுப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர், கையடக்க வாக்குவம் கிளீனர், வாளித் தண்ணீரைப் பீச்சும் பிரஷர் வாஷர் ஆகியவற்றைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. வேலை வேறு வேறானாலும் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரு சிறிய லித்தியம் பேட்டரிதான். அதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, நம் ஊர் வெயிலை அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் வாங்க முடியாது. முதலில் எதை வாங்குவது?

காற்று அடிக்கும் கருவியை. ஆணி குத்துவதும் காற்று இறங்குவதும் எப்போது வேண்டுமானாலும் நடக்கும், புது வண்டி பழைய வண்டி என்ற பேதமும் கிடையாது. அடுத்தது ஜம்ப் ஸ்டார்ட்டர். அதுவும் கார் பேட்டரிக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால், அல்லது வண்டி வாரக்கணக்கில் நிறுத்தியே கிடந்தால்தான். வாக்குவம் கிளீனர் குழந்தைகளோ நாயோ ஏறும் வண்டிக்குப் பயன்படும். பிரஷர் வாஷரை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியில் ‘20,000 எம்ஏஎச்’ என்று போட்டிருக்கிறார்கள். இது பெரிய எண்ணா?

எந்த மின்னழுத்தத்தில் அளந்தது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பொதுவாக ஒரு லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை வைத்தே கணக்குப் போடுவார்கள். எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-மணி, ஆக 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி. அதை 3.7 ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. உங்கள் காரில் இருக்கும் 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் 420 வாட்-மணி. ஆக, கையில் இருப்பது கார் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கருவி மோசம் என்று ஆகிவிடாது. இன்ஜினைச் சுழற்ற ஓரிரு வாட்-மணியே போதும். ஆனால் அதைச் சில நொடிகளுக்குள் கொட்ட வேண்டும். கருவியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் வாட்-மணி அச்சிட்டிருப்பார்கள். இரண்டு கருவிகளை ஒப்பிட அதுவே நேர்மையான எண்.

அப்படியானால் ‘பீக் 2000 ஆம்பியர்’ என்பது?

ஒரு கண்ணிமைப்பில் வந்து போகும் உச்சம். அதை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் 1000, இன்னொரு நிறுவனத்தின் 2000-ஐவிடத் திடமாக இருக்கலாம். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுமார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் அதன் இருமடங்கு, சில வண்டிகளில் அதற்கு மேலும் தேவைப்படும். பீக் ஆம்பியரை விட்டுவிட்டு, எத்தனை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வரை, எத்தனை லிட்டர் டீசல் வரை என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லும் அளவைவிட உங்கள் இன்ஜின் ஒரு படி சிறியதாக இருந்தால் நல்லது. கிளிப்பையும் வயரையும் தொட்டுப் பார்க்க முடிந்தால் பாருங்கள். போன் சார்ஜர் வயர் போல ஒல்லியாக இருப்பதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகாது.

வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து கேட்டு, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ சத்தம் கேட்டு, முகப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் போகிறது. இன்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் எரிபொருளிலோ சென்சாரிலோ கோளாறு. அங்கே ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ‘சாவி இல்லை’ என்று திரை காட்டினால், இறங்கியிருப்பது சாவிக்குள் இருக்கும் நாணய பேட்டரியாக இருக்கலாம். பெரும்பாலான கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டி வைத்து அழுத்தினால் வண்டி எடுக்கும்.

பேட்டரி டெர்மினலையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், நல்ல பேட்டரியும் செத்ததுபோல நடிக்கும். கிளாம்ப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு விற்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் கார் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12-லேயே நின்றால், ஓடும் இன்ஜினிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அந்த வண்டியை ஜம்ப் ஸ்டார்ட்டரால் எழுப்பினாலும் வழியில் நின்றுவிடும்.

ஜம்ப் ஸ்டார்ட்டரை எப்படி மாட்டுவது? தப்பாக மாட்டினால் என்ன ஆகும்?

விளக்கு, ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணையுங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’-யில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருங்கள். கிளிப் வயரை முதலில் கருவியில் செருகுங்கள். பிறகு சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். கறுப்பை எங்கே மாட்டுவது என்பது கருவிக்குக் கருவி மாறும். சில கையேடுகள் மைனஸ் முனை என்கின்றன. சில, பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் பெயின்ட் படாத உலோகப் பகுதி என்கின்றன. பின்னதற்குக் காரணம் உண்டு. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பேட்டரியின் தலைமேல் தீப்பொறி பறக்கக்கூடாது. சிகரெட்டும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை விளக்கு எரிந்ததும் வண்டியை எடுங்கள். மூன்று முதல் ஐந்து நொடிக்குமேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் குறைந்தது அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். மூன்று முறைக்குமேல் வேண்டாம், கருவி கொதித்துவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அரை நிமிடத்துக்குள் கிளிப்புகளைக் கழற்றுங்கள். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. மாட்டியபடியே விட்டால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் கருவியின் லித்தியம் பேட்டரிக்குள் கட்டுப்பாடில்லாமல் பாயக்கூடும்.

இப்போது வரும் கருவிகள் பெரும்பாலானவற்றில் கிளிப் மாற்றிப் போட்டால் சிவப்பு விளக்கும் பீப் சத்தமும் வரும், மின்சாரம் போகாது. ஆனால் ‘பூஸ்ட்’ பட்டன் ஒன்று இருக்கும். கார் பேட்டரி அடியோடு காலியாகி, கருவியால் அதை அடையாளம் காண முடியாதபோது அழுத்துவதற்கானது அது. பல கருவிகளில் அதை அழுத்தினால் பாதுகாப்புச் சுற்று விலகிவிடும். அந்த நேரத்தில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் காரின் கணினிப் பெட்டி கருகும். அழுத்துவதற்கு முன் கிளிப்புகளை இரண்டு முறை பாருங்கள்.

பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு அமிலம் கசிந்தாலோ எந்தக் கருவியையும் மாட்ட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது. பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் போதுமா?

போதாது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் பெரும் பகுதியை வண்டியே தின்றுவிடும். ஏசி இல்லாமல் குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். அன்றே வாய்ப்பிருந்தால் பேட்டரிக் கடையில் கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குளிரைவிடச் சூடுதான் ஈய-அமில பேட்டரியின் ஆயுளை அதிகம் தின்னும். இங்கே மூன்று, நான்கு ஆண்டுகளில் பேட்டரி மாற்ற வேண்டியிருப்பது இயல்பு. மாதம் இருமுறை ஜம்ப் ஸ்டார்ட்டர் தேவைப்படுகிறது என்றால் அந்தப் பணத்தைப் புது பேட்டரியில் போடுவதே சரி.

மழை வெள்ளத்தில் கார் மூழ்கி, பேட்டரி செத்துவிட்டது. ஜம்ப் ஸ்டார்ட்டர் போடலாமா?

கூடவே கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். இன்ஜினின் காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், செல்ஃப் அடித்த கணத்தில் பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளையும். அதோடு காப்பீட்டுச் சிக்கலும் சேரும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்றால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். கதவின் அடிவரை தண்ணீர் ஏறியிருந்தாலே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள்.

பைக், ஸ்கூட்டருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் அவசியமா? தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஆகாதா?

கார்பரேட்டர் காலத்தில் ஆனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபிறகு விற்கும் பைக்குகள் பெரும்பாலும் எரிபொருள் இன்ஜெக்ஷன் கொண்டவை. பெட்ரோல் பம்ப்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுதாகக் காலியென்றால் தள்ளினாலும் எடுப்பது கடினம். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது, கிளட்ச் அமைப்பு அப்படி. ஆட்டோமேட்டிக் காருக்கும் இதே கதிதான். கிக்கர் இருக்கும் வண்டியென்றால் கவலை குறைவு.

கார் ஜம்ப் ஸ்டார்ட்டர் பைக்கின் 12 வோல்ட் பேட்டரிக்கும் பொருந்தும். பைக் தனக்குத் தேவையான மின்சாரத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். சிக்கல் இடம்தான். சீட்டுக்கடியில் குறுகலாக இருக்கும் முனைகளில் பெரிய கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசக்கூடும். சீட்டைக் கழற்றவே ஸ்பேனர் வேண்டும் என்ற வண்டிகளும் உண்டு. வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

மின்சாரக் காருக்கும் ஹைபிரிட் காருக்கும்?

அவற்றிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி விழிக்காது. அந்த 12 வோல்ட் பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் மாட்டி வண்டியை எழுப்பலாம். மாட்டும் இடம் கையேட்டில் இருக்கும். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள், அவற்றில் போவது நூற்றுக்கணக்கான வோல்ட். மின்சாரக் காரைக் கொண்டு இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுப்பதும் வேண்டாம்.

இந்தக் கருவிகளைக் காரிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகையை எட்டும். டேஷ்போர்டு அதற்கும் மேலே போகும். லித்தியம் பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உச்ச வெப்ப வரம்பே பெரும்பாலும் 60 பாகைதான். சார்ஜ் ஏற்றும்போது 45. நூறு விழுக்காடு சார்ஜோடு தினமும் அந்தச் சூட்டில் கிடக்கும் பேட்டரி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலேயே கிழடாகிவிடும். உப்பும். அபூர்வமாகத் தீப்பிடிக்கவும் செய்யும். அவசரத்துக்கு என்று வாங்கியது, அவசரம் வரும் நாளில் பத்து விழுக்காடு காட்டி நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

என்ன செய்யலாம்? தினசரி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் வண்டியென்றால் கருவி வீட்டில் இருக்கட்டும், வெளியூர்ப் பயணத்தன்று எடுத்துக்கொள்ளுங்கள். காரில்தான் வைக்க வேண்டும் என்றால் டேஷ்போர்டும் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டும் வேண்டவே வேண்டாம். சீட்டுக்கடியிலோ, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்திலோ வையுங்கள். வெயில் நேரடியாகப் படாத இடங்களில் சூடு கணிசமாகக் குறைவு. கையேடு வேறு சொல்லாதவரை 60 முதல் 80 விழுக்காடு சார்ஜில் வைப்பது நல்லது. பல ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் பாதிக்குமேல் சார்ஜ் இருந்தால்தான் முழு வேகத்தில் இயங்கும் என்பதால் அதற்குக் கீழே விடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து ஏற்றுங்கள். தேதி மறக்கும் என்றால் போனில் நினைவூட்டல் போடுங்கள். வெயிலில் கிடந்த கருவியை உடனே சார்ஜரில் செருகாமல், நிழலில் ஆறவிட்டுச் செருகுங்கள்.

சூடு தாங்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் எதுவும் இல்லையா?

இருக்கிறது. சூப்பர் கெப்பாசிட்டர் வகை. அதற்குள் லித்தியம் பேட்டரி கிடையாது. கார் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச மின்சாரத்தைச் சில நிமிடங்களில் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே வீச்சில் திருப்பிக் கொடுக்கும். செல்ஃப் எடுக்காத பேட்டரியிலும் பொதுவாக அந்த அளவு மிச்சமிருக்கும். பேட்டரி அடியோடு காலி என்றால் பவர் பேங்க் வழியாகக் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ளலாம். சார்ஜ் போட்டு வைக்க வேண்டாம், ஆண்டுக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் கெடாது. குறை என்னவென்றால் விலை கூடுதல், முதல் முயற்சி தவறினால் மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும், போன் சார்ஜ் செய்ய உதவாது. காரிலேயே போட்டுவிட்டு மறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

இரண்டுக்கும் நடுவே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை உண்டு. எடை கூடும், ஆனால் சாதாரண லித்தியத்தைவிட நிதானமானது, எளிதில் தீப்பற்றாது.

காற்று அடிக்கும் கருவியில் பேட்டரி வைத்தது நல்லதா, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுவது நல்லதா?

கார் மட்டும் வைத்திருப்பவருக்குச் செருகும் வகையே மேல் என்பேன். இறங்கிப்போக அதில் பேட்டரி இல்லை, வெயிலுக்கும் பயமில்லை, விலையும் குறைவு. இன்ஜினை ஓடவிட்டபடி பயன்படுத்துங்கள், ஆனால் மூடிய கேரேஜில் அல்ல. சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர், அதாவது 120 முதல் 180 வாட். அதற்குமேல் இழுக்கும் கருவியை வாங்கினால் ஃபியூஸ் போகும். வயர் பின் டயர் வரை எட்டுமா என்பதையும் பாருங்கள்.

பைக்கும் காரும் இரண்டும் இருக்கும் வீட்டுக்கு பேட்டரி வகை. கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2,000 எம்ஏஎச் செல் மூன்று உள்ள சிறிய இன்ஃப்ளேட்டரில் 22 வாட்-மணி இருக்கும். அது 100 வாட் இழுத்தால் பதின்மூன்று நிமிடம் ஓடும். நான்கு டயருக்கும் நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றப் போதும். தட்டையான கார் டயர் ஒன்றை முழுதாக நிரப்பினால் கிட்டத்தட்ட காலி.

பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்கிறார்கள். என் காருக்கு 33-தானே?

ஆமாம். 150 என்பது சைக்கிள் டியூப் போன்ற சின்னக் கொள்ளளவில் எட்டக்கூடிய உச்சம். காருக்கு வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்பது. அந்த எண்ணைத் தேடுங்கள்.

பங்க்கில் ஓர் அளவு, என் கருவியில் இன்னோர் அளவு காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டுமே ஓரிரு பிஎஸ்ஐ விலகலாம். ஆனால் பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் சூடு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. மூன்று மணி நேரம் நின்ற வண்டி, வெயில் ஏறாத காலை நேரம். நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும் அதே டயர் நாலு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும். வீட்டிலேயே கருவி இருப்பதன் உண்மையான லாபம் இதுதான்: ஆறு மணிக்கு வாசலில், ஆறிய டயரில் அளக்கலாம். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பங்க் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் இந்தக் கருவியைத் தள்ளிப்போடலாம்.

பஞ்சர் ஆன டயரோடு இன்ஃப்ளேட்டரை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியுமா?

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால், ஆணியைப் பிடுங்காதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். காற்றை நிரப்பி, மெதுவாக ஓட்டி, அடுத்த பஞ்சர் கடையை அடையலாம். வழியில் ஒருமுறை நிறுத்தி அளந்து பாருங்கள். டியூப் உள்ள டயர் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, அடிக்க அடிக்க இறங்கும். பக்கச் சுவர் கிழிந்த டயருக்கும் இன்ஃப்ளேட்டர் உதவாது. டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்க 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அப்படி ஸ்டெப்னி இல்லாத கார் உங்களுடையது என்றால் இன்ஃப்ளேட்டர் ஆடம்பரமல்ல. பஞ்சர் ஒட்டும் கிட்டையும் ஒருமுறை பழகிவையுங்கள்.

அடித்து முடித்ததும் குழாயின் பித்தளை முனை சுடும். துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்டரும் இன்ஃப்ளேட்டரும் சேர்ந்த ஒரே கருவி?

எனக்கு ஒப்புதல் இல்லை. காலையில் டயருக்குக் காற்று அடித்து இறக்கிய பேட்டரியால் மாலையில் இன்ஜினைச் சுழற்ற முடியாமல் போகும். ஒன்று பழுதானால் இரண்டும் போயிற்று. இடம்தான் பிரச்சினை என்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

கையடக்க வாக்குவம் கிளீனர் உண்மையில் இழுக்குமா?

மேலே கிடக்கும் முறுக்குத் தூளையும் காய்ந்த மண்ணையும் இழுக்கும். மிதியடியின் இழைகளுக்குள் புதைந்த கடற்கரை மணலை இழுக்கத் திணறும். ‘120 வாட்’ என்பது மோட்டார் தின்னும் மின்சாரம், உறிஞ்சும் திறனல்ல. உறிஞ்சும் திறனைப் பாஸ்கலில் சொல்வார்கள். 5,000 பாஸ்கல் சுமாரானது. 10,000-க்கு மேல் இருந்தால் காருக்குத் தேவலை. அந்த வேகத்தில் ஓடினால் பேட்டரி பத்து, பதினைந்து நிமிடம்தான் வரும். ஆகவே முதலில் மிதியடிகளை வெளியே எடுத்துத் தட்டுங்கள், சீட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைக் கிளப்புங்கள், பிறகு இயந்திரத்தை முடுக்குங்கள்.

வடிகட்டியைக் கழுவலாமா என்று பார்த்து வாங்குங்கள். கழுவினால் முழுதாகக் காய்ந்தபிறகே மாட்டுங்கள், ஈரத்தோடு மாட்டினால் நாற்றமெடுக்கும். ஆயுத பூஜைக்குப் பிறகு டேஷ்போர்டில் கொட்டிக் கிடக்கும் விபூதியும் குங்குமமும் இந்தக் கருவிகளுக்குப் பெரிய சத்துரு. அவ்வளவு நுண்ணிய பொடி வடிகட்டியை நொடியில் அடைத்துவிடும். அதை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது. மோட்டார் பலவீனமாகிவிட்டது என்று குப்பையில் போடப்படும் பல வாக்குவம் கிளீனர்களுக்கு நோய் மோட்டாரில் இல்லை, அடைபட்ட வடிகட்டியில்தான்.

வீட்டு மின்சாரம் எட்டும் இடத்தில் வண்டி நிற்கிறது என்றால், வீட்டில் இருக்கும் வயர் வைத்த வாக்குவம் கிளீனர் இவை எல்லாவற்றையும்விட நன்றாக இழுக்கும்.

‘48 விஎஃப்’, ‘98 விஎஃப்’ என்று துப்பாக்கி வடிவில் வரும் பிரஷர் வாஷர்கள்?

விஎஃப் என்பது வோல்ட் அல்ல. வோல்ட் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒட்டிய எழுத்துகள். அந்த பேட்டரியைத் திறந்தால் வழக்கமாக வரிசையில் ஐந்து லித்தியம் செல்கள் இருக்கும். முழு சார்ஜில் 21 வோல்ட். 48 என்றாலும் 98 என்றாலும் உள்ளே அதுவே. அழுத்தமும் வயர் வைத்த பிரஷர் வாஷருக்குப் பக்கத்தில்கூட வராது. அவை 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் தரும். பேட்டரித் துப்பாக்கிகள் பொதுவாக 20, 30 பார் அளவில்தான்.

அதனால் பயனே இல்லையா? இருக்கிறது. குழாய் எட்டாத அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில், ஒரு வாளியில் குழாயை விட்டு, பைக்கையோ காரையோ மண் போக நனைக்கலாம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடத் தண்ணீர் மிகக் குறைவாகச் செலவாகும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சென்னைவாசிகளுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் சக்கர வளைவுக்குள் இறுகிய சேறு இதனால் போகாது. ஒரு வாளி, ஒரு மைக்ரோஃபைபர் துணி, கொஞ்சம் பொறுமை இருப்பவருக்கு இந்தத் துப்பாக்கி செய்யும் வேலையில் முக்கால்வாசி கையாலேயே ஆகிவிடும்.

வாங்கினால், வாளியின் அடியில் படியும் மண் உள்ளே போகாமல் வடிகட்டி மாட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் பம்ப் சீக்கிரம் கெடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில், உச்சி வெயிலில் கழுவாதீர்கள். துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். பைக்கின் சக்கர பேரிங், வயர் இணைப்பு, சைலன்சர் வாய் ஆகியவற்றை நோக்கி நேராகப் பீச்ச வேண்டாம்.

இரவில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் எந்த விளக்கு உதவும்?

காந்தத்தால் ஒட்டும் அம்பர் நிற மின்னும் விளக்கு. நீலம் வேண்டாம், அது காவல் வண்டியின் அடையாளம். ஹசார்டு விளக்கைப் போட்டு, சிவப்பு முக்கோணத்தைச் சில பத்து மீட்டர் பின்னால் வைத்து, ஆட்கள் சாலைத் தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். டார்ச்சோடு வரும் கண்ணாடி உடைக்கும் கூர்முனை பக்கக் கண்ணாடியின் மூலையில் வேலை செய்யும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே படலம் ஒட்டியது. அதை உடைத்து வெளியேற முடியாது.

போலியா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தியாவில் பவர் பேங்க்கும் லித்தியம் செல்லும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவின்கீழ் வருபவை. ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். எண் இல்லையா, வருகிற பெயர் பெட்டியில் இருப்பதோடு பொருந்தவில்லையா, விட்டுவிடுங்கள்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வரலாமா?

செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. கைப்பையில் 100 வாட்-மணி வரை பொதுவாக விடுவார்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்குமேல் பயணியோடு வர முடியாது. ஜம்ப் ஸ்டார்ட்டர் என்றாலே மறுக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம்.

கருவியின் பேட்டரி உப்பியிருக்கிறது. ஆனால் வேலை செய்கிறது. தொடரலாமா?

வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். வெயில் படாத திறந்த இடத்தில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. அந்த நிறுவனத்தையோ, பதிவுபெற்ற மின்கழிவு சேகரிப்பவரையோ கேளுங்கள். குப்பை வண்டியில் போட்டால், அழுத்தும் இடத்தில் நசுங்கித் தீப்பிடிப்பது அங்கே வேலை செய்பவர்களின் கையில்தான்.